இம்ப்ளான்ட் உங்களுக்கு வேண்டாம்னு டாக்டர் சொன்னா, என்ன அர்த்தம்?

(எபிசோடின் ஒலிப்பதிவைக் கொஞ்சம் சுருக்கி எழுத்தாக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் பல்லைப் பத்தி. சிரிக்காதீங்க, விஷயம் சீரியஸ்.

போன வருஷம் ஒருநாள் எங்க அத்தை போன் பண்ணாங்க. எடுத்ததுமே கோவம். "டேய், அந்த டாக்டர் எனக்கு இம்ப்ளான்ட் போட மாட்டாராம்டா. கேன்சர் வந்தவளுக்குப் பல்லு எதுக்குன்னு நினைச்சுட்டார் போல." கோவமா ஆரம்பிச்சாங்க, முடிக்கும்போது குரல் உடைஞ்சிருச்சு.

அத்தைக்கு 61 வயசு. சில வருஷம் முன்னாடி மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிஞ்சு இப்போ நல்லா இருக்காங்க. சிகிச்சை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ரொம்பக் கெட்டுப்போன ஒரு கீழ்க் கடைவாய்ப்பல்லை எடுத்துட்டாங்க. அந்த இடம் காலியாவே இருந்தது. அங்க ஒரு இம்ப்ளான்ட் வெச்சுக்கணும்னு அவங்களுக்கு ஆசை.

முதல்ல போன கிளினிக்ல ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்க, ஒரு ஃபார்ம் கொடுத்தாங்க, "அடுத்த வாரமே போட்டுடலாம்"னு சொன்னாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்கன்னு அத்தை இன்னொரு டாக்டர்கிட்டயும் போனாங்க. அவர் வாயைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, எலும்புக்குன்னு ஊசி ஏதாவது போட்டுக்கறீங்களா?" அத்தை சொன்னாங்க, "ஆமா, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸ்ல ஏத்துவாங்க." அவர் பேனாவைக் கீழ வெச்சுட்டு, "அப்போ இம்ப்ளான்ட் வேண்டாம்மா"ன்னுட்டார்.

ஒரே வாய், ஒரே இடைவெளி. ஒருத்தர் போடலாம்ங்கிறார், ஒருத்தர் வேண்டாம்ங்கிறார். யார் சொல்றது சரி? அந்த "வேண்டாம்"க்கு என்ன அர்த்தம்? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுற ஆள். அத்தைக்காக ரெண்டு மூணு டாக்டர்கள்கிட்ட உட்கார்ந்து கேட்டேன், நிறைய படிச்சேன். புரிஞ்சதைச் சொல்றேன்.

இம்ப்ளான்ட் நிக்கிறது எதுல?

இம்ப்ளான்ட்னா மேல தெரியற வெள்ளைப் பல்லுன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. அது வெறும் கேப். உண்மையான இம்ப்ளான்ட் உள்ள இருக்கிற டைட்டானியம் ஸ்க்ரூ. பொதுவா சுமார் 4 மில்லிமீட்டர் அகலம், 8-லேர்ந்து 12 மில்லிமீட்டர் நீளம். தாடை எலும்புல ஓட்டை போட்டு அதை இறக்குவாங்க.

இது எப்படி வந்ததுன்னா, 1950-கள்ல ஸ்வீடன்ல பெர்-இங்வார் பிரோனெமார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர், எலும்பு எப்படிக் குணமாகுதுன்னு பார்க்க முயல் கால் எலும்புல டைட்டானியக் குழாய் மாதிரி ஒரு கருவியைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிஞ்சு கழட்டப் போனா வரல. எலும்பு அந்த உலோகத்தோட ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-ல யோஸ்தா லார்ஷோன்ங்கிற நோயாளியோட கீழ்த்தாடையில முதல் தடவையா டைட்டானியம் இம்ப்ளான்ட் வெச்சார். லார்ஷோன் 2006-ல இறக்கிற வரைக்கும், 40 வருஷத்துக்கு மேல, அது அவர் வாயில வேலை செஞ்சுக்கிட்டு இருந்தது.

இதுல நாம பிடிச்சுக்க வேண்டியது ஒண்ணுதான். ஸ்க்ரூவை வைக்கிறதோட டாக்டர் வேலை பாதி முடிஞ்சிருது. மீதி வேலையைச் செய்யறது உங்க எலும்பு.

முதல் நாள் அந்த ஸ்க்ரூ நிக்கிறது வெறும் இறுக்கத்தால, சுவத்துல அடிச்ச ஆணி மாதிரி. அடுத்த சில வாரங்கள்ல, டிரில் பண்ண இடத்தைச் சுத்தி இருக்கிற பழைய எலும்பை உடம்பு கொஞ்சம் கொஞ்சமா கரைக்கும். அந்த இடத்துல புது எலும்பைக் கட்டும். கரைக்கிறதுக்கு ஒரு வகை செல், கட்டுறதுக்கு இன்னொரு வகை செல். ரெண்டும் மாறி மாறி வேலை செய்யணும். இது முடியப் பொதுவா மூணுலேர்ந்து ஆறு மாசம் ஆகும். அந்த நேரத்துல ஸ்க்ரூ ரொம்ப ஆடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கைத் தாண்டி ஆடிக்கிட்டே இருந்தா, எலும்புக்குப் பதிலா நார் மாதிரி சதை வளர்ந்துடும். அப்புறம் அது நிக்காது.

அதனால "இவருக்கு இம்ப்ளான்ட் போடலாமா?"ங்கிற கேள்வியை டாக்டர் உள்ளுக்குள்ள மூணு கேள்வியா பிரிச்சுக்கறார். ஸ்க்ரூ நிக்க எலும்பு இருக்கா? அந்த எலும்பு குணமாகுமா? குணமான பிறகு அதைக் காப்பாத்த முடியுமா? வேண்டாம்னு வர்ற காரணம் எல்லாமே இந்த மூணுல ஏதோ ஒண்ணுல அடங்கிடும்.

எலும்பு இருக்கா?

பல் போனா அந்த இடத்து எலும்பும் குறைய ஆரம்பிக்கும். பல்லைத் தாங்குறதுதான் அதோட வேலை, வேலை போச்சுன்னா அதுவும் கரையும். பல் எடுத்த முதல் வருஷத்துலயே அந்த இடத்து அகலத்துல கிட்டத்தட்ட பாதி வரைக்கும் போயிடலாம், அதுலயும் பெரும்பகுதி முதல் மூணு மாசத்துல. "அப்புறம் பார்த்துக்கலாம்"னு அஞ்சு வருஷம் கழிச்சுப் போறவங்களுக்கு எலும்பு பத்தலைன்னு சொல்றது இதனாலதான்.

ரெண்டு இடத்துல கூடுதல் கவனம் வேணும். கீழ்த்தாடைக்குள்ள ஒரு நரம்பு ஓடுது, உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி கொடுக்கிறது அதுதான். ஸ்க்ரூ முனைக்கும் அந்த நரம்புக்கும் நடுவுல சுமார் 2 மில்லிமீட்டராவது விடணும். தவறி நரம்பைத் தொட்டா உதடு மரத்துப் போகலாம், சிலருக்கு அது நிரந்தரமாவே இருந்துடும். மேல்தாடையில கடைவாய்ப்பல்லுக்கு மேல சைனஸ்னு காத்து அறை இருக்கு. அங்க எலும்பு மெலிசா இருந்தா ஸ்க்ரூ நிக்க இடம் இருக்காது. இதெல்லாம் சாதாரண எக்ஸ்ரேல முழுசா தெரியாது. அதனாலதான் சிபிசிடி ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க.

நல்ல செய்தி என்னன்னா, எலும்பு இல்லைங்கிறது பெரும்பாலும் முடிவான பதில் இல்ல. எலும்புத் தூள் வெச்சு வளர்க்கலாம், சைனஸைக் கொஞ்சம் மேல தூக்கி இடம் பண்ணலாம். செலவும் மாசங்களும் கூடும், அவ்வளவுதான்.

எலும்பு குணமாகுமா?

நம்ம ஊர்ல ரொம்பப் பேருக்கு வர்ற தடை இங்கதான் இருக்கு.

முதல்ல சுகர். சுகர் இருந்தாலே இம்ப்ளான்ட் கிடையாதுன்னு ஒரு நம்பிக்கை ஓடுது, அது தப்பு. கட்டுப்பாட்டுல இருக்கிற சுகரோட நிறைய பேர் இம்ப்ளான்ட் வெச்சு நல்லா இருக்காங்க. கட்டுப்பாடு இல்லாத சுகர்தான் பிரச்சினை. புண் ஆற நேரமாகும், கிருமி சீக்கிரம் பிடிக்கும். இதுல டாக்டர் பார்க்கிறது ஹெச்பிஏ1சி டெஸ்ட். கிளினிக்குக் கிளம்புற அன்னைக்குக் காலையில டிபனைத் தவிர்த்துட்டுப் போனா அது ஏமாறாது, ஏன்னா அது கடந்த ரெண்டு மூணு மாசத்தோட சராசரியைக் காட்டும். 7, 8-க்குக் கீழ இருந்தா பொதுவா யோசிப்பாங்க. 10, 11-ல இருந்தா, "முதல்ல சுகரைக் குறைச்சுட்டு வாங்க"ன்னுதான் சொல்லுவாங்க.

அடுத்து சிகரெட். நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்குது, ரத்தம் குறைஞ்ச இடத்துல எலும்பு வளர்றது கஷ்டம். புகை பிடிக்கிறவங்களுக்கு இம்ப்ளான்ட் தோத்துப்போற வாய்ப்பு சுமார் ரெண்டு மடங்குன்னு ஆய்வுகள் காட்டுது. வாரக் கடைசியில மட்டும் அடிக்கிறேன்னு சொல்ற நண்பர்களே, டாக்டர்கிட்ட உண்மைக் கணக்கைச் சொல்லுங்க. அவர் உங்க அப்பா கிடையாது, திட்ட மாட்டார்.

பாக்கு, குட்கா விஷயம் இன்னும் மோசம். பல வருஷம் மென்னவங்களுக்குக் கன்னத்தோட உள்பக்கம் தோல் இறுகி, வாய் திறக்கிறதே குறைஞ்சுடும். சாதாரணமா நம்மளோட மூணு விரலைச் செங்குத்தா அடுக்கி வாய்க்குள்ள வைக்க முடியும். ஒரு விரல்தான் நுழையுதுன்னா, டிரில்லைக் கடைவாய் வரைக்கும் கொண்டு போகவே வழியில்ல. தவிர அந்த நிலை புற்றுநோயா மாறக்கூடிய ஒண்ணு. பல்லைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி அதைக் காட்டணும்.

அப்புறம், தலை கழுத்துப் பகுதியில ரேடியேஷன் வாங்கினவங்க. வாய்ப் புற்றுநோய் இந்தியாவுல ரொம்ப அதிகம், அதனால இந்தக் கேள்வி இங்க அடிக்கடி வரும். கதிர் பட்ட தாடையில சின்ன ரத்தக் குழாய்கள் குறைஞ்சுடும். அங்க ஓட்டை போட்டா எலும்பு ஆறாம செத்துப்போற ஆபத்து இருக்கு. எவ்வளவு டோஸ், தாடையில எந்தப் பகுதியில பட்டதுங்கிற விவரம் இல்லாம யாரும் முடிவு சொல்லக் கூடாது. அந்த ரெக்கார்டைப் பத்திரமா வெச்சுக்கோங்க.

சமீபத்துல ஹார்ட் அட்டாக்கோ ஸ்ட்ரோக்கோ வந்திருந்தா பொதுவா சுமார் ஆறு மாசம் காத்திருக்கச் சொல்லுவாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, பல் டாக்டர்கிட்ட போகணும்னு அதை நீங்களா நிறுத்தாதீங்க. ஹார்ட் டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும்.

அத்தையோட ஊசி

இப்போ அந்த டிரிப்ஸ் விஷயத்துக்கு வருவோம்.

எலும்பை உடம்பு முதல்ல கரைக்கும், அப்புறம் கட்டும்னு சொன்னேன் இல்லையா? எலும்புத் தேய்மானத்துல அந்தக் கரைக்கிற வேலை அளவுக்கு மீறி நடக்குது. சில புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவும்போதும் அதே செல்களைத்தான் தூண்டி விடுது. அதனால கரைக்கிற செல்லை அடக்கி வைக்க மருந்து கொடுக்கறாங்க. அலெண்ட்ரோனேட்னு மாத்திரை, ஸோலெட்ரோனிக் ஆசிட்னு டிரிப்ஸ், டெனோசுமாப்னு தோலுக்கடியில போடுற ஊசி. எல்லாமே நல்ல மருந்துகள், இடுப்பு முறிவையும் முதுகெலும்பு நொறுங்கறதையும் தடுக்கிற மருந்துகள்.

ஆனா இம்ப்ளான்ட்டுக்கு அந்தக் கரைக்கிற வேலையும் வேணும். தாடை எலும்பு உடம்புல மத்த எலும்புகளைவிட வேகமாப் புதுப்பிச்சுக்கிற எலும்பு, தவிர மெல்லிய ஈறுக்குக் கீழ கிருமிக்குப் பக்கத்துலயே இருக்கு. கரைக்கிற செல் தூங்கும்போது அங்க ஓட்டை போட்டா, சிலருக்கு ஆறாமலே எலும்பு வெளிய தெரிய ஆரம்பிக்கும், சீழ் வைக்கும், செத்துப்போகும். இந்தப் பிரச்சினையை 2003-ல அமெரிக்க வாய் அறுவை நிபுணர் ராபர்ட் மார்க்ஸ் முதல்ல கவனத்துக்குக் கொண்டு வந்தார்.

எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்ல. எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடறவங்கள்ல இது பத்தாயிரத்துல ஒரு சிலருக்குத்தான் வருது. அவங்களுக்கு ஆபத்தை விளக்கிச் சொல்லி, யோசிச்சு, இம்ப்ளான்ட் வைக்கிறது உண்டு. புற்றுநோய்க்காக அடிக்கடி, அதிக அளவுல டிரிப்ஸ் ஏத்திக்கறவங்கள்ல அது நூத்துல சிலர்ங்கிற அளவுக்குப் போகுது. அவங்களுக்கு இம்ப்ளான்ட் தவிர்க்கணும்ங்கிறதுதான் பொதுவான வழிகாட்டல். அத்தைக்கு ஆறு மாசத்துக்கு ஒரு டிரிப்ஸ்தான், ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம். வாய்ல இருந்தது ஒரு பல் இடைவெளி, வேற வழியும் இருந்தது. அதுக்காக அந்த ஆபத்தை எடுக்க வேண்டாம்னு டாக்டர் முடிவு பண்ணார்.

அப்போ ஊசியை நிறுத்திட்டு இம்ப்ளான்ட் போட்டுக்கலாமேன்னு நானும் கேட்டேன். ஸோலெட்ரோனிக் ஆசிட், அலெண்ட்ரோனேட் ரெண்டும் எலும்புக்குள்ளயே வருஷக்கணக்கா தங்கிடும், ஒரு டோஸைத் தள்ளிப் போட்டதால வெளிய போயிடாது. டெனோசுமாப் அப்படித் தங்காது, ஆனா அதைத் திடீர்னு விட்டா முதுகெலும்பு முறிவு வர்ற ஆபத்து இருக்கு. ஆக, பல்லுக்காக இந்த மருந்துகளை நீங்களா நிறுத்தறது வேலைக்கு ஆகாது.

சரி, முதல் கிளினிக் ஏன் போடலாம்னு சொல்லுச்சு? அந்த ஃபார்ம்ல இருந்த கேள்வி: "தினமும் சாப்பிடும் மாத்திரைகள்?" அத்தை எழுதினது: பிரஷர் மாத்திரை. ஆறு மாசத்துக்கு ஒரு டிரிப்ஸ் தினமும் சாப்பிடற மாத்திரையா? இல்லையே. அத்தை பொய் சொல்லல, ஃபார்ம் தப்பான கேள்வியைக் கேட்டுச்சு. தப்பான இன்புட் போனா சிஸ்டம் என்ன பதில் சொல்லும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

காப்பாத்த முடியுமா?

மூணாவது கேள்விக்கு வருவோம். ஈறு நோயால பல் ஆடி விழுந்தவங்க, அந்த நோயை சரி பண்ணாமலே இம்ப்ளான்ட் வெச்சா, அதே கிருமி இம்ப்ளான்ட்டைச் சுத்தியும் எலும்பை அரிக்கும். டைட்டானியத்துக்குச் சொத்தை வராது, ஆனா சுத்தி இருக்கிற எலும்பு போகும். முதல்ல ஈறு சிகிச்சை, அப்புறம் ஒழுங்கா பிரஷ் பண்றது, வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவையாவது செக்கப். இதுக்குத் தயாரா இல்லைன்னா தள்ளிப் போடறதுதான் நேர்மை.

தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறவங்களுக்கு வேற சிக்கல். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிய நார்த்திசு இருக்கு, அது ஷாக் அப்சார்பர் மாதிரி. இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது. கடிக்கிற விசை நேரா உலோகத்துக்கும் எலும்புக்கும் போகும். இவங்களுக்கு இம்ப்ளான்ட் கூடவே கூடாதுன்னு இல்ல, ஆனா ராத்திரி போட்டுக்கிற கார்டு மாதிரி முன்னேற்பாடு வேணும்.

கடைசியா வயசு. 75 வயசு ஆயிடுச்சே, இனிமே எதுக்குன்னு வீட்டுல சொல்லுவாங்க. மேல் வயசு வரம்புன்னு ஒண்ணு கிடையாது, உடம்பு நிலைதான் கணக்கு. வரம்பு இருக்கிறது கீழ்ப்பக்கம். பைக்ல விழுந்து முன்பல் போன 15 வயசுப் பையனுக்கு இம்ப்ளான்ட் வெச்சா, தாடை வளர வளர பக்கத்துப் பற்கள் எல்லாம் கூடவே நகரும். எலும்போட ஒட்டின இம்ப்ளான்ட் மட்டும் நகராது, சில வருஷத்துல அந்தப் பல் மட்டும் குட்டையா நிக்கும். அதனால வளர்ச்சி முடியற வரைக்கும், பெரும்பாலும் 18, 20 வயசைத் தாண்டற வரைக்கும், கழட்டி மாட்டற பல் மாதிரி ஏதாவது தற்காலிகமா வெச்சு சமாளிக்கணும்.

"இப்போ வேண்டாம்", "எப்பவும் வேண்டாம்"

மேல சொன்ன லிஸ்ட்டைத் திரும்பிப் பாருங்க. சுகர், சிகரெட், ஈறு நோய், எலும்புக் குறைவு, சமீபத்திய ஹார்ட் அட்டாக், வளர்ற வயசு. இதெல்லாம் "இப்போ வேண்டாம்". என்ன மாறினா திரும்ப வரலாம்னு ஒரு பதில் இருக்கு. புற்றுநோய்க்கான எலும்பு மருந்து, அதிக டோஸ் ரேடியேஷன் மாதிரி சிலதுதான் "வேற வழி பார்க்கலாம்".

அதனால டாக்டர் வேண்டாம்னு சொன்னா எழுந்து வந்துடாதீங்க. மூணு கேள்வி கேளுங்க. எந்தக் காரணத்துக்காக வேண்டாம்? அந்தக் காரணம் மாறக்கூடியதா, மாறினா எப்போ வரணும்? எனக்கு வேற என்ன வழி இருக்கு?

அதே மாதிரி, போடலாம்னு சொல்ற டாக்டர்கிட்ட அவங்க கேட்கலைன்னாலும் இதைச் சொல்லிடுங்க: சாப்பிடற எல்லா மாத்திரையும், வருஷத்துக்கு ஒரு தடவை போடற ஊசியா இருந்தாலும் அதுவும், வாங்கின ரேடியேஷனும், சிகரெட் பாக்கு பழக்கமும். அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போறவங்க, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோட எடுத்துட்டுப் போங்க. ஞாபகத்தை நம்பாதீங்க.

அத்தைக்கு என்ன ஆச்சு? காலி இடத்துக்கு ரெண்டு பக்கமும் பல் இருந்ததால அந்த ரெண்டாவது டாக்டரே பிரிட்ஜ் போட்டார். பக்கத்துப் பற்களைக் கொஞ்சம் செதுக்கி, மூணையும் சேர்த்து ஒரே கேப்பா மாட்டறது. நல்ல பல்லைச் செதுக்கறது ஒரு நஷ்டம்தான். ஆனா எலும்பைத் தொட வேண்டியதில்ல. கழட்டி மாட்டற பல்செட் ஈறை உரசி புண்ணாக்கலாம்ங்கிறதால, அவங்களுக்கு அதைவிட இது மேல்னு சொன்னார்.

பிரிட்ஜ் மாட்டின அன்னைக்கு அத்தை அந்த டாக்டர்கிட்ட நேராவே கேட்டாங்களாம்: "கேன்சர் வந்தவங்கறதாலதான் மாட்டேன்னீங்களா?" அவர் சொன்ன பதிலை அத்தை எனக்கு அப்படியே சொன்னாங்க. "இல்லம்மா. நீங்க இன்னும் ரொம்ப வருஷம் இருக்கப் போறவங்க. அத்தனை வருஷமும் அந்தத் தாடை உங்களுக்கு வேணும்."

தீபாவளிக்குப் போனப்போ பார்த்தேன், முறுக்கை இடது பக்கம் வெச்சுத்தான் கடிக்கறாங்க. "பழக்கம்டா"ன்னாங்க. வலது பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா பழகிக்குவாங்க.

உங்க வீட்டுல யாராவது இம்ப்ளான்ட் பத்தி பேசிக்கிட்டு இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுடுங்க: "எலும்புக்குன்னு ஊசி ஏதாவது போட்டுக்கறீங்களா?" அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே.